சன்பேக் தகட்டில் ஒரு வால்: ஏரோசிவிக் காரின் நிகழ்வு ஆய்வு

முன்பாதியைப் பார்த்தால் 1992ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் என்று அடையாளம் தெரிகிறது. கதவைத் தாண்டிப் பின்னால் போகப் போக அது வேறு எதுவோ ஆகிவிடுகிறது. கூரை மெல்லத் தாழ்கிறது, பக்கங்கள் உள்ளொடுங்குகின்றன, பின்பக்கம் நீண்ட வாலாகப் போய் முடிகிறது. சக்கரங்களுக்கு மூடி உண்டு. வண்டியின் அடிவயிற்றை ஒரு தகடு மறைத்திருக்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் வாயும் பெருமளவு அடைபட்டிருக்கிறது. இத்தனைக்கும் ஆன செலவு 400 டாலருக்கும் குறைவு என்கிறார் அதைத் தாமே கட்டிய அமெரிக்கர். மணிக்கு 65 மைல் வேகத்தில் சீராக ஓட்டினால் ஒரு கேலனுக்கு 95 மைல் கொடுத்தது என்பது அவருடைய கூற்று. நம் கணக்கில் மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 40 கிலோமீட்டர். 'ஏரோசிவிக்' என்று பெயர் பெற்ற இந்தக் கார், அமெரிக்காவில் பெட்ரோல் விலை கேலனுக்கு 4 டாலரைத் தாண்டிய 2008 வாக்கில் கார்ப் பிரியர்களிடையே பரவலாகப் பேசப்பட்டது. வியந்தவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 95 என்ற எண்ணை நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் அவர் கைவைத்த இடம் சரியான இடம். மைலேஜைக் கூட்டப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் பானட்டைத் திறந்து எஞ்சினுக்குள் ஏதாவது செருகப் பார்ப்பார்கள். இவர் எதிரே வந்து மோதும் காற்றைக் கவனித்தார்.

அவர் எடுத்துக்கொண்ட வண்டியும் இந்த வேலைக்குப் பொருத்தமானது. சிவிக் வரிசையிலேயே எளிமையான சிஎக்ஸ் வகை அது: 1.5 லிட்டர் எஞ்சின், 70 குதிரைத்திறன், ஒரு டன்னை எட்டாத எடை. அன்றைய அரசு மதிப்பீட்டின்படி நெடுஞ்சாலையில் லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கொடுக்கும். ஏற்கெனவே சிக்கனமான வண்டிதான். ஊதாரி வண்டியில் கைவைத்து மிச்சம் காட்டுவது எளிது. இது அப்படிப்பட்ட வித்தை அல்ல.

பாலைவனத்தில் ஒரு சைக்கிள்

இந்தக் காரைப் புரிந்துகொள்ள அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்னால் போக வேண்டும். கலிபோர்னியாவின் பாலைவனப் பகுதியில், எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குள், பின்னாளில் டிரைடன் என்று பெயர் பெற்ற நாசாவின் விமான ஆய்வு மையம் இருந்தது. அங்கே பொறியாளராக இருந்த எட்வின் சால்ட்ஸ்மன் 1970களின் தொடக்கத்தில் சைக்கிளில் வேலைக்குப் போய்வருவார். பெரிய லாரி ஒன்று கடக்கும்போது முதலில் அதன் முன்னால் திரண்ட காற்று அவரைச் சாலையோரப் புதருக்குத் தள்ளும். லாரி தாண்டிய மறுகணம் அதன் பின்னால் உண்டான வெற்றிடம் அவரைச் சாலைக்குள் இழுக்கும். நம் நெடுஞ்சாலைகளில் இருசக்கர வண்டி ஓட்டிய எவருக்கும் இந்தத் தள்ளலும் இழுப்பும் தெரியும். நாம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஓரம் கட்டுவோம். அவர் யோசித்தது, இவ்வளவு காற்றைக் கிளறுவதற்கான டீசலுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நாசா குழுவினர் ஓய்வுபெற்ற ஃபோர்டு டெலிவரி வேன் ஒன்றை எடுத்து, அதைச் சுற்றி அலுமினியத் தகடுகளைப் பொருத்தி, எல்லா மூலைகளும் செங்கோணமாக இருக்கும்படி பெட்டி போல ஆக்கினார்கள். பார்த்தவர்கள் 'ஷூ பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். வேண்டுமென்றே மோசமான வடிவத்தில் தொடங்கி, ஒவ்வொரு மாற்றமாகச் செய்து, ஒவ்வொரு முறையும் அளந்தார்கள். நிமிர்ந்த விளிம்புகளை மட்டும் வளைவாக்கியதில் காற்றுத் தடை 40 சதவீதம் குறைந்தது. உள்ளே இழந்த இடம் 1.3 சதவீதம்தான். கிடைமட்ட விளிம்புகளையும் வளைவாக்கியபோது குறைவு 54 சதவீதத்தைத் தொட்டது. இடத்தில் இழப்பு 3 சதவீதம். அடுத்த கட்டத்தில் அடிப்பகுதியை மூடி, பின்னால் படகின் பின்புறம் போல ஒடுங்கும் வால் ஒன்றைச் சேர்த்தார்கள். அந்த வால் மட்டும் தடையை மேலும் சுமார் 15 சதவீதம் குறைத்தது.

அளந்த விதம் இன்னும் சுவையானது. காற்றை ஊதி வண்டியைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தைத் தேடிப் போகவில்லை. வேனை வேகமாக ஓட்டி, நியூட்ரலுக்கு மாற்றி, தானாக வேகம் குறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தார்கள். தடை குறைந்தால் வண்டி அதிக நேரம் உருளும். ஏரோசிவிக் கட்டியவர் செய்த மாற்றங்களையும் அவற்றைச் சோதிக்கும் வழியையும் இந்த ஷூ பெட்டி முன்பே காட்டிவிட்டது. தகட்டை வளைக்கத் தெரிந்த எந்த டிங்கரிங் பட்டறையிலும் செய்யக்கூடிய வேலை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி.

என்னென்ன மாற்றினார்

முக்கியப் பொருள் இரட்டைச் சுவருள்ள நெளிபிளாஸ்டிக் தகடு. நம்மூரில் சன்பேக் ஷீட் என்று விளம்பரப் பலகைக்கு வாங்குகிறோமே, அதேதான். எடை கிடையாது, கத்தியால் வெட்டலாம், ஒரு திசையில் நன்றாக வளையும், மழை ஒன்றும் செய்யாது. கூடவே தகரம், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், போல்ட்டுகள், ஒட்டு நாடா.

வால்தான் பெரிய வேலை. காரின் முன்பக்கம் காற்றைப் பிளக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும் இழப்பு பின்பக்கத்தில் நடக்கிறது. கூரை மேல் வழுக்கி வரும் காற்று, பின்கண்ணாடி சட்டென்று முடியும் இடத்தில் ஒட்ட முடியாமல் பிரிந்து சுழல்கிறது. அந்தச் சுழல் பகுதியில் அழுத்தம் குறைவு. வண்டியை அது பின்னோக்கி இழுத்துக்கொண்டே வருகிறது. சால்ட்ஸ்மனைச் சாலைக்குள் இழுத்ததும் இதே குறைந்த அழுத்தம்தான். உடலை மெதுவாக ஒடுக்கிக்கொண்டு போனால் காற்று ஒட்டியே வந்து, கடைசியில் சிறிய சுழலோடு விடைபெறும். மெதுவாக என்பது இங்கே முக்கியம். சரிவு பதினைந்து டிகிரிக்கு மேல் போனால் காற்று பிரிந்துவிடும். அப்புறம் வால் வெறும் சுமை. ஆகவே வால் நீளமாகத்தான் இருந்தாக வேண்டும். இந்தத் தொல்லையால்தான் 1930களில் ஜெர்மனியின் வுனிபால்ட் காம், வாலைப் பாதியில் வெட்டிவிட்டாலும் பயனில் பெரும்பகுதி கிடைக்கும் என்று கண்டறிந்து சொன்னார். இன்றைக்குப் பல கார்களின் பின்புறம் மேடாக வந்து சட்டென்று வெட்டப்பட்டது போல முடிவதற்கு அதுவே காரணம். ஏரோசிவிக் அந்தச் சமரசத்தை ஏற்கவில்லை.

காற்று ஒட்டியிருக்கிறதா பிரிந்துவிட்டதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. கம்பளி நூலைச் சிறு துண்டுகளாக வெட்டி, வண்டியின் மேல் வரிசையாக ஒட்டி ஓட்ட வேண்டும். பக்கத்து வண்டியிலிருந்து படம் எடுத்தால், நூல் படிந்து பின்னோக்கிக் கிடக்கும் இடத்தில் காற்று ஒட்டியிருக்கிறது. தாறுமாறாகத் துடிக்கும் இடத்தில் பிரிந்திருக்கிறது. விமானப் பொறியாளர்கள் இன்றும் செய்வதுதான்.

அடிவயிற்றுத் தகடு அடுத்தது. வண்டியைத் தூக்கிப் பார்த்தால் சைலன்சர், அச்சு, டேங்க், குழாய் என்று மேடும் பள்ளமுமாக இருக்கும். காற்று அத்தனையிலும் முட்டிக்கொண்டு போகிறது. ஆனால் இங்கே எச்சரிக்கையும் தேவை. இந்தத் தகடு பாலிபுரொப்பிலீன். ஏறத்தாழ 160 டிகிரியில் உருகும். புகைக்குழாயும் அதில் புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கி மாற்றியும் அதைவிடப் பல மடங்கு சூடாகும். அந்த இடத்தில் போதிய இடைவெளி விட்டு, உலோகத் தகடு போடாவிட்டால் தீப்பிடிக்கும்.

முன்வாயை அடைப்பது எல்லாவற்றிலும் மலிவான மாற்றம். கார்க் கம்பெனி ரேடியேட்டர் வாயைக் கடும் வெயிலில், முழுச் சுமையோடு, மலையேறும் வண்டிக்காக அளவிடுகிறது. சமவெளியில் சீராக ஓடும்போது அவ்வளவு காற்று தேவையில்லை. எஞ்சின் அறைக்குள் புகும் காற்று வெறும் தடை. இதைக் கைவினைக்காரர்களின் பைத்தியம் என்று ஒதுக்க முடியாது. 2011ஆம் ஆண்டு மாடலாக வந்த செவர்லே குரூஸ் எகோ காரில் தேவைக்கேற்பத் தானே திறந்து மூடும் கதவுகளை முன்வாயில் கம்பெனியே வைத்தது. அடித்தகடுகளும் சேர்ந்தே வந்தன. பின்சக்கர மூடியும் அப்படித்தான்: 1999இல் வந்த ஹோண்டா இன்சைட் காரில் அது தொழிற்சாலையிலிருந்தே இருந்தது.

எண்களைத் தட்டிப் பார்ப்போம்

காற்றுத் தடையை ஒரு குணகமாகச் சொல்வது வழக்கம். எண் குறையக் குறையத் தடையும் குறைவு. சிவிக்கின் குணகம் 0.34இலிருந்து 0.17க்கு இறங்கியது என்று கட்டியவர் கணக்கிட்டுச் சொன்னார். அது எப்பேர்ப்பட்ட கூற்று என்று புரிய வேண்டுமானால் இதைப் பாருங்கள்: காற்றுச் சுரங்கமும் பெரும் பொறியாளர் படையும் வைத்து ஜெனரல் மோட்டார்ஸ் 1996இல் விட்ட இவி1 மின்சாரக் கார் 0.19. ஃபோக்ஸ்வாகன் 250 மட்டுமே தயாரித்த எக்ஸ்எல்1 சற்றேறக்குறைய அதே. 2022இல் மெர்சிடிஸ் காட்டிய ஈக்யூஎக்ஸ்எக்ஸ் மாதிரிக் கார் 0.17. சன்பேக்கும் ஒட்டு நாடாவும் அதே இடத்தை எட்டின என்றால் சந்தேகப்படுவதே மரியாதை. முழு நீள வால் வைத்துக்கொள்ளும் சுதந்திரம் அந்தக் கம்பெனிகளுக்கு இல்லை, இவருக்கு இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சந்தேகத்தைக் கணக்காக மாற்றலாம். சிவிக்கின் முன்பரப்பு 1.9 சதுர மீட்டர், ஓட்டுநரோடு எடை ஒரு டன் என்று வைத்துக்கொள்வோம். 105 கிலோமீட்டர் வேகத்தில் பழைய வடிவத்துக்குக் காற்றை எதிர்க்க ஏறத்தாழ 330 நியூட்டன் விசை வேண்டும். டயர் உருள 100 நியூட்டன். இரண்டையும் சேர்த்துத் தேவைப்படும் திறன் 12.4 கிலோவாட், அதாவது 17 குதிரைத்திறன். எழுபது குதிரை எஞ்சினில் கால்வாசிகூட இல்லை. குணகம் 0.17 ஆனால் காற்றின் பங்கு பாதியாகி, மொத்தத் தேவை 7.6 கிலோவாட்டுக்கு இறங்கும்.

இப்போது 95 மைலுக்கு வருவோம். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 2.6 லிட்டர் பெட்ரோல். அதிலுள்ள ஆற்றல் 23 கிலோவாட்டுக்குச் சமம். அதில் 7.6 சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் எஞ்சினும் கியரும் சேர்ந்து 33 சதவீதச் செயல்திறனோடு வேலை செய்ய வேண்டும். 1992ஆம் ஆண்டின் சாதாரண பெட்ரோல் எஞ்சின் தன் மிகச் சிறந்த நிலையில் அந்த அளவைத் தொடும். அந்தச் சிறந்த நிலை நல்ல சுமையில் வரும். பத்துக் குதிரைத்திறன் மட்டும் கேட்கும்போது எஞ்சின் பாதி தூக்கத்தில் ஓடுகிறது, செயல்திறன் குறைகிறது. 25 சதவீதம் என்று தாராளமாக வைத்தால் என் கணக்கு லிட்டருக்கு 30 கிலோமீட்டரில் நிற்கிறது. அதே முறையில் பழைய வடிவத்துக்குப் போட்டால் 19 முதல் 20 வருகிறது. அரசு மதிப்பீட்டோடு அது ஒத்துப்போவதால் கணக்கின் அடிப்படை பிசகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆக, வடிவம் மாறியதால் 20லிருந்து 30க்குப் போவது நம்பத்தக்கது. அங்கிருந்து 40க்குப் போக வேறு கைகளும் சேர்ந்திருக்க வேண்டும்: வெயில் நாளின் மெலிந்த காற்று, பின்காற்று, மெல்லிய இறக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக ஓட்டும் கை. இப்படி வண்டி கட்டுகிறவர் ஆக்சிலேட்டரை மிதிக்கும் விதமே வேறாக இருக்கும். அது அவருடைய திறமை. வாலின் திறமையோடு கலந்துவிடக் கூடாது. கலக்காமலிருக்க ஒரே வழி, ஒரே நாளில், ஒரே சாலையில், இரு திசையிலும் ஓட்டி அளந்து, மாற்றத்தைக் கழற்றி மறுபடி அளந்து, திரும்பப் பொருத்தி மூன்றாம் முறை அளப்பது. டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்ப்பது இதற்கு உதவாது. பம்ப் எங்கே 'டக்' என்று நிற்கிறது என்பதிலேயே சில சதவீதம் காணாமல் போகும்.

காற்றுத் தடை பாதியாகியும் லிட்டருக்குக் கூடியது 10 கிலோமீட்டர்தானா என்று ஏமாற வேண்டாம். சீராக ஓடும் ஒரு காரில் பெட்ரோல் செலவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது பெரிய காரியம்.

எஞ்சின் பக்கம் ஏன் போகக் கூடாது

பெட்ரோல் குழாயில் காந்தம், காற்று போகும் வழியில் சுழலும் தகடு, பேட்டரியில் தண்ணீரைப் பிரித்து வரும் ஹைட்ரஜன் என்று விற்பவர்கள் எல்லோரும் ஒரே பல்லவி பாடுகிறார்கள்: எரியாமல் வீணாகும் பெட்ரோலை எரிய வைக்கிறோம். அப்படி எரியாமல் போகும் பெட்ரோல் மிகக் குறைவு. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் எரிபொருளில் மிகச் சிறு பங்கே எரியாமல் தப்புகிறது. இழப்பில் பெரும்பகுதி சூடாக ரேடியேட்டர் வழியாகவும் புகை வழியாகவும் போகிறது. ஹைட்ரஜனைப் பிரிக்கும் மின்சாரமும் அதே எஞ்சின் சுற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்துதான் வர வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பரிசீலித்தது. ஒரு சில மட்டும் மிகச் சிறிய பயன் காட்டின. ஏர் ஃபில்டரை மாற்றினால்கூட, கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின்களில் மைலேஜ் மாறுவதில்லை. வேகமெடுக்கும் திறன் மட்டுமே கூடுகிறது. கார்புரேட்டர் காலத்துப் பட்டறை ஞானம் அங்கே செல்லாது.

கொடுத்த விலை

நானூறு டாலர் என்பது ரசீதில் வரும் விலை. வால் நீண்டதால் பார்க்கிங்கில் இடம் போகிறது. சக்கர மூடியைக் கழற்றாமல் பஞ்சர் பார்க்க முடியாது. ஆயில் மாற்ற அடித்தகட்டைக் கழற்ற வேண்டும். மலை இறங்கும்போது பிரேக் சூடு வெளியேற வழி குறுகிவிடுகிறது. அடைத்த முன்வாயோடு கோடை நெரிசலில் நின்றால் வெப்பமானி முள்ளின் மேல் ஒரு கண் இருந்தாக வேண்டும். பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் வாலின் முனைக்கு இடம்பெயர வேண்டும். பின்னால் ஒருவர் இடித்தால் அந்தத் தகடு எதையும் தாங்காது. இவை எதுவும் அந்த மனிதரைத் தடுக்கவில்லை. ஆனால் இவற்றால்தான் எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு வாலோடு குடும்பக் கார் விற்கவில்லை. லாரிகளுக்கு இந்தத் தயக்கம் குறைவு: அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் நீண்ட டிரெய்லர்களின் பக்கவாட்டில் தொங்கும் தகடுகள் அந்த ஷூ பெட்டியின் வாரிசுகள்தான்.

சென்னைக்கு இது பொருந்துமா

மேலே போட்ட கணக்கை 40 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டால் காற்றுக்கு 48 நியூட்டன், டயருக்கு 100. காற்றும் டயரும் சமமாவது 58 கிலோமீட்டர் அருகில். கிண்டியிலிருந்து தி.நகருக்குப் போகிறவருக்கு வால் எதையும் மிச்சம் பிடிக்காது. அங்கே பெட்ரோலைத் தின்பது பிரேக். சிக்னலுக்குச் சிக்னல் வேகமெடுத்து, அத்தனையையும் பிரேக்கில் சூடாக்கிக் கரைக்கிறோம். நால்வழிச் சாலையில் 100இல் திருச்சிக்குப் போகிறவர் கதை வேறு.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு விதியை மீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். நீளத்தையே மாற்றும் வாலுக்கு இங்கே வழியில்லை.

அதைவிட வேடிக்கை, நம்மூர்க் கார்களில் இந்த வேலை தலைகீழாக நடக்கிறது. கூரையில் நிரந்தரமாகக் கேரியர், முன்னால் இரும்புக் கம்பி, கம்பெனி கொடுத்ததைவிட அகலமான டயர். அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீட்டில், கூரை மேல் வைக்கும் பெரிய மழுங்கல் பெட்டி நகரத்தில் 2 முதல் 8 சதவீதமும், மணிக்கு 65 முதல் 75 மைல் வேகத்தில் 10 முதல் 25 சதவீதமும் மைலேஜைத் தின்கிறது. காலிக் கேரியருக்குத் தண்டம் குறைவு, ஆனால் அது ஆண்டு முழுவதும் வசூலாகிறது. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பியை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடுக்கச் சொல்லிவிட்டது. மோதலில் ஏர்பேக் சரியாக விரியவிடாது என்ற கவலையும் அதற்கு உண்டு. திருச்சிக்குப் புறப்படும் முன் ஒரு ஸ்பானர் எடுத்துக் கேரியரையும் கம்பியையும் கழற்றி, டயரில் குறித்த அளவு காற்றடித்துக்கொண்டால் போதும். ஏரோசிவிக் ஏறிய அதே ஏணியின் முதல் படி அது. ஆர்.டி.ஓ.விடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.